மானிட்டர் அணைஞ்சப்ப எடுத்த பாட்டு

ஷூட்டிங் ஸ்பாட்ல ‘கட்’ சொல்ற அதிகாரம் யாருக்கு இருக்குன்னு நெனைக்கிறீங்க?

டைரக்டருக்குன்னு சொல்லுவீங்க. காலேஜ்ல அப்புடித்தான் சொல்லிக் குடுத்தாங்க, எனக்கும் சேத்துத்தான். தப்பு. வாக்கி டாக்கி யாரு கையில இருக்கோ அவங்களுக்குத்தான் அந்த அதிகாரம். ஒரு மத்தியானம் அந்த வாக்கி என் கையில இருந்துச்சு. டைரக்டர் என் மூஞ்சிக்கு நேரா நின்னு கட் சொல்லச் சொன்னாரு. நான் சொல்லல. அதனாலதான் நான் இன்னிக்கு பெரம்பலூர்ல உக்காந்து கல்யாண வீடியோ எடுத்து எடிட் பண்ணிட்டிருக்கேன். நீங்க எல்லாம் ‘அக்கா, அசிஸ்டன்ட் டைரக்டரா சேந்துட்டோம், டிப்ஸ் குடுங்க’ன்னு குரூப்ல மெசேஜ் போட்டுட்டிருக்கீங்க.

முப்பது வயசு கூட ஆகல, அதுக்குள்ள நான் சினிமாவுலேந்து ரிட்டயர்டு. பென்ஷன் கெடையாது. ஆனா ரிட்டயர்டு ஆனவங்களுக்கு அட்வைஸ் பண்ற உரிமை உண்டுல்ல, அத மட்டும் விட மாட்டேன். ஷாட் டிவிஷன், கன்டின்யூட்டி, அந்தக் கதையெல்லாம் யூடியூப்ல பாத்துக்கங்க. நான் சொல்லப் போறது ஒரு பாட்டப் பத்தி.

எந்தப் பாட்டுன்னு உங்களுக்கே தெரியும். படம் பேரக் கேட்டா எவனுக்கும் நெனப்பு வராது. ‘அந்த சுண்ணாம்புப் பாட்டுப்பா, பச்சத்தண்ணி பள்ளத்துல ரெண்டு பேரு வெள்ளையா நிப்பாங்களே’ன்னு சொன்னா ஒடனே, ‘ஆமா ஆமா, அது!’ன்னு கண்ணு விரியும். அந்தப் பாட்டுதான். அந்தப் படத்துல நான் அசிஸ்டன்ட்டு. டைட்டில்ல தேடாதீங்க, பேரு இருக்காது.

படம் எப்புடின்னு ஒளிச்சு மறைக்க ஒண்ணுமில்ல. மரண மொக்க. வெங்காய மண்டிக்காரர் மவன் லாரி கும்பல எதுத்து நிக்கிறான். எதுக்கு எதுத்து நிக்கிறான்னு கடைசி வரைக்கும் அவனுக்கும் தெரியாது, வில்லனுக்கும் தெரியாது. ஃபிளாஷ்பேக்குக்குள்ள ஒரு ஃபிளாஷ்பேக் வரும், அதுலேந்து வெளிய வர வழி தெரியாம படம் அங்கேயே இன்டர்வெல் வுட்ரும். காமெடியன் வாய் ஒரு பக்கம் போவும், டப்பிங் ஒரு பக்கம் போவும். நான் வேல பாத்த படம்ங்கிறதுக்காக பொய் சொல்ல முடியுமா?

ஆனா அந்தப் பாட்டு நிக்கிது. அது ஏன் நிக்கிதுன்னு தெரிஞ்சது மொத்தமே ஏழெட்டு பேருக்குத்தான். இப்ப உங்களுக்கும்.

அதுக்கு முன்னாடி கயித்தப் பத்தி சொல்லிடுறேன், இல்லன்னா பின்னாடி புரியாது.

ஷூட்டிங் ஆரம்பிச்ச புதுசுல குரும்பலூர்ல ஒரு தெருவுல சண்ட சீன். ஊரே வந்து நிக்கிது. ‘தள்ளுங்க, தள்ளுங்க’ன்னு கத்தி என் தொண்ட போச்சு. ஒருத்தன் நகரல. ரொம்ப சவுண்டு விட்டுட்டிருந்த ஒரு லுங்கி அண்ணன் கையில, கூட்டத்த மறிக்கக் கட்டுற கயித்தோட ஒரு முனையக் குடுத்து, ‘அண்ணே, ஒரு நிமிஷம் இதப் புடிச்சுக்கங்க’ன்னு சொல்லிட்டுப் பாத்ரூம் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா அந்த ஆளு போலீஸா மாறிட்டாரு. ‘ஏய், ஷாட்டு ஓடுதுல்ல, பின்னாடி போடா!’ன்னு சொந்தத் தம்பியவே அடிக்கப் போறாரு. அன்னிக்கு கத்துக்கிட்டேன். கூட்டத்த நம்மளால நிறுத்த முடியாது. கூட்டத்துல ஒருத்தர் கையில கயித்தக் குடுத்தா அவங்களே நிறுத்திக்குவாங்க.

சரி, இப்ப பாட்டுக்கு வர்றேன்.

புரொடியூசர் பெரம்பலூர்க்காரர். ஹீரோ அவரோட அக்கா மவன். பி.இ. முடிச்ச பையன், ரொம்ப நல்ல பையன், ஆட மட்டும் வராது. நடக்கச் சொன்னாலே கணக்குப் போட்டு நடப்பான். சொந்த ஊருப் பக்கம் ஷூட்டிங்னா என்ன நடக்கும்னு நீங்க இனிமேதான் பாக்கப் போறீங்க. சொந்தக்காரங்க வேன் புடிச்சு வருவாங்க. சும்மா வர மாட்டாங்க, தட்டோட வருவாங்க. ஆப்பிள், ஆரஞ்சு, கல்கண்டு, பூவு, டைரக்டருக்கு ஒரு துண்டு. பொண்ணு பாக்க வந்த மாதிரி வரிசையா எறங்குவாங்க. தட்டோட வந்தவங்கள எப்புடி வெரட்டுறது? உக்கார வெச்சு, காபி குடுத்து, பையன் நடிக்கிறதக் காட்டித்தான் அனுப்பணும். அது மொற. எங்க புரொடக்‌ஷன் மேனேஜர் அண்ணன் இதுல கில்லாடி. ஒரு விருந்தாளி மொகம் கோணாம பாத்துக்குவாரு. இந்தக் கதைல ஏழர இழுத்ததும் அந்த நல்ல குணந்தான்.

லொகேஷன் அரியலூர்ல ஒரு பழைய மைன்ஸ். சுண்ணாம்புக்கல்லு தோண்டி தோண்டி விட்டுட்டுப் போன பள்ளம். சுத்தி செங்குத்தா வெள்ளச் சுவரு, கீழ பச்சக் கலர்ல தண்ணி. நான் அரியலூர்ப் பொண்ணு, சின்னப் புள்ளையிலேந்து இந்தச் சுண்ணாம்புப் பவுடர மூக்குல வாங்கி வளந்தவ. சிமென்ட் லாரிக்குப் பின்னாடி ஸ்கூட்டி ஓட்டுனவங்களுக்கு அது சாதாரணம். சென்னைலேந்து வந்த யூனிட்டு அதப் பாத்துட்டு, ‘வெளிநாடு மாதிரி இருக்குல்ல!’ன்னு செல்ஃபி எடுத்துச்சு.

ஆடுறவ பேரு கோதை. ரொம்ப வருஷமா குரூப் டான்ஸர். ஹீரோயினுக்குப் பின்னாடி வரிசைல ஆடுவாங்களே, அதுல ஒருத்தி. இந்தப் படத்துல ஹீரோயினுக்குப் பாட்டே கெடையாது, ஏதோ தகராறு. இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் கோதைய முன்னாடி கொண்டாந்தாங்க. அவ மூஞ்சி மொத மொதல்ல க்ளோசப்புல வரப் போற பாட்டு. அவளுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு சொல்லத் தேவையில்ல. அதே அளவுக்கு பயமும் இருந்துச்சு. முன்னாடி ஒரு படத்துல இவ ரிகர்சல்ல ஆடுனத ஒருத்தன் போன்ல எடுத்து, இடுப்ப மட்டும் வெட்டி வெளிய வுட்டுட்டான். அது சுத்திச் சுத்தி அவங்க அம்மா இருக்கிற தெருவுக்கே போயிருச்சு. அம்மா ஒரு வார்த்த கேக்கலையாம், சாப்பாட மட்டும் தட்டுல டொக்குன்னு வெச்சாங்களாம். “திட்டிருந்தாக்கூட பரவால்லடி”ன்னா.

காலைல எடுத்த டேக்கெல்லாம் கொடும. டைரக்டர் மேல டென்ட்ல மானிட்டர் முன்னாடி உக்காந்துக்கிட்டு வாக்கில கத்துறாரு. “இடுப்பு! இடுப்பு! இன்னும் கிட்ட போம்மா! மூச்சு வாங்கு!” அந்தப் பள்ளத்துல ஒரு வார்த்த சொன்னா நாலு சுவத்துல இடிச்சு திரும்பி வரும். இடுப்பு, டுப்பு, டுப்புன்னு. மேல மேஞ்சிட்டிருந்த ஆடெல்லாம் நின்னு எட்டிப் பாக்குது. ஹீரோ பையன் அவள வுட பத்து மடங்கு கூசிப் போயி நிக்கிறான். அவ அவன் கழுத்துல கைய வெச்சா, ஊசி போட வந்த நர்ஸப் பாக்குற மாதிரி பாக்குறான்.

மத்தியானம் சாப்புட எறங்குனப்ப கோதை என்னையக் கூப்புட்டா. யூனிட்ல பொம்பள அசிஸ்டன்ட் நான் ஒருத்திதான். ஹேர்பின்னுலேந்து நாப்கின் வரைக்கும் எங்கிட்டத்தான் வரும், இந்த மாதிரி பேச்சும் எங்கிட்டத்தான் வரும். பொண்ணுங்களா, உங்ககிட்டயும் வரும். அத கேவலமா நெனைக்காதீங்க, செட்டுல என்ன நடக்குதுன்னு டைரக்டருக்கு முன்னாடி உங்களுக்குத்தான் தெரியும்.

“இங்க பாரு,”ன்னா. “கீழ நாலு பேரு. ஹீரோ தம்பி, டான்ஸ் மாஸ்டர், கேமரா சார், ஃபோகஸ் பாக்குறவரு. அஞ்சாவது ஆளு நிழல் வுழுந்தாலும் நான் மேல ஏறிருவேன். அப்புறம் சாரோட குரல் கீழ வரக் கூடாது. ஏதாச்சும் சொல்லணும்னா நீ சொல்லு.”

“மேக்கப் அக்கா?”

“அவங்களும் வேணாம். நாலுன்னா நாலு.”

“டச்சப் இல்லாம மூஞ்சில பவுடர் படியும்.”

“படியட்டும். மானிட்டர்ல யாரு பாக்குறா?”

“டைரக்டர் மட்டுந்தான்.”

“நீ பொறுப்பா?”

“நான் பொறுப்பு. ஒரு ஈ காக்கா வராது.”

டைரக்டருகிட்ட போயி சொன்னேன். மொறச்சாரு. வெயில் சாயிறதுக்குள்ள முடிக்கணும், வேற வழியில்ல, ‘சரி, எப்புடியோ ஆடித் தொலைக்கச் சொல்லு’ன்னாரு. மாஸ்டர் கையில ஒரு வாக்கி, என் கையில ஒண்ணு. மத்த எல்லாருதும் ஆஃப். நான் பள்ளத்துக்கு எறங்குற சரிவோட தலைப்புல கயித்தக் கட்டிட்டு நின்னேன். எனக்கு எடது பக்கம் டைரக்டர் டென்ட்டு. வலது பக்கம் கொஞ்சம் தள்ளி பழைய மைன்ஸ் ஷெட்டு. அங்க வேன்ல வந்த சொந்தக்காரங்கள உக்கார வெச்சிருந்தாங்க. ஃபேன் ஓடுது, காபி போவுது, அமைதியா இருக்காங்க. எவ்ளோ அமைதியா இருக்காங்கன்னு எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும்.

கீழ ஸ்பீக்கர்ல பாட்டு ஆரம்பிச்சுச்சு. நான் நிக்கிற எடத்துலேந்து கீழ ஒண்ணும் தெரியாது, பாட்டு மட்டும் கேக்கும். டைரக்டர் டென்ட்லேந்து, “கிட்ட போகச் சொல்லு”ன்னாரு, நான் வாக்கில “மாஸ்டர், கொஞ்சம் கிட்ட”ன்னேன். “மாராப்பு காத்துல பறக்கணும்”னாரு, அத நான் கேக்காத மாதிரி நின்னேன்.

அப்ப ஷெட்டுலேந்து ஹீரோவோட அம்மா வந்தாங்க. பட்டுப் பொடவ, கையில ஹேண்ட்பேக்கு, மொகம் ஒரு மாதிரி வேத்திருக்கு.

“ஏம்மா பொண்ணு, அந்தப் புள்ள எம்மவன் மேல இவ்ளோ நெருக்கமா வந்து நிக்குதே, கீழ நெறைய ஆம்பளைங்க இருக்காங்களா?”

“இல்லைங்க பெரியம்மா. நாலே பேருதான். வேற ஆரும் பாக்கலைங்க.”

“பாக்கலையா? ஷெட்டுல நாங்க அம்புட்டு பேரும் பாத்துக்கிட்டுல்ல இருக்கோம்! பெரிய டிவி பொட்டி. எங்க மச்சாண்டார் மவன் செல்போன்ல வேற புடிக்கிறான். எனக்கு ஒக்கார முடியலம்மா, எந்திரிச்சு வந்துட்டேன்.”

புரொடக்‌ஷன் மேனேஜர் அண்ணன், விருந்தாளிங்க போரடிச்சுப் போயி உக்காந்திருக்காங்களேன்னு, டைரக்டர் மானிட்டர்லேந்து ஒரு கேபிள இழுத்து ஷெட்டுல இன்னொரு மானிட்டர் போட்டு வுட்டிருக்காரு. கெட்ட எண்ணமே கெடையாது. பழம் வெட்டிக் குடுத்த மாதிரி இதையும் குடுத்துட்டாரு.

இப்ப நீங்க சொல்லுங்க, என்ன பண்ணுவீங்க?

கீழ டேக் ஓடுது. கட் சொன்னா கோதை ஏன்னு கேப்பா. காரணத்தச் சொன்னா மேல ஏறிருவா, அதோட பாட்டு போச்சு, அவளுக்குக் கெடச்ச ஒரே முன்வரிசையும் போச்சு. சொல்லாம வுட்டா, நான் குடுத்த வாக்கு ஷெட்டுக்குள்ள காபியோட சேந்து ஓடிட்டிருக்கும். ஷெட்டுக்குள்ள ஓடிப் போயி அணைக்கலாம். அங்க இருக்கிறது புரொடியூசரோட மச்சான், மாமன், பங்காளி. நான் போயி, ஏன், எதுக்குன்னு அவங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள பாட்டே முடிஞ்சிரும்.

டென்ட்டுக்குப் பின்னாடி ஜங்ஷன் பாக்ஸ் இருந்துச்சு. கருப்பு கருப்பா ஒயரு, எது எங்க போவுதுன்னு தெரியல. யோசிக்க நேரமில்ல. கொத்தா புடிச்சு இழுத்தேன்.

கேமராவுக்கு பேட்டரி. கீழ பாட்டு ஓடுற ஸ்பீக்கருக்கும் பேட்டரி. அது மட்டும் எனக்குத் தெரியும். பாட்டு நிக்கல. ஷெட்டுல ‘ஓ...’ன்னு ஒரு சத்தம், கிரிக்கெட்ல கரண்ட் போனா வருமே, அது. இந்தப் பக்கம் டைரக்டர், “டேய், ஜெனரேட்டர்! ஜெனரேட்டர் என்னாச்சு பாருடா!”ன்னு கத்துறாரு. லைட்மேன் ஒருத்தர் ஜெனரேட்டர் நிக்கிற ரோட்டப் பாத்து ஓடுறாரு. ஜெனரேட்டர் பாட்டுக்கு டுடுடுடுன்னு ஓடிட்டுத்தான் இருக்கு.

டைரக்டர் வெளிய வந்தாரு. என்னையப் பாத்தாரு.

“என்ன அது கையில?”

“பிளக்கு சார்.”

“எதுக்குப் புடுங்குன?”

“ஷெட்டுல எல்லாரும் பாக்குறாங்க சார். போன்ல வேற எடுக்குறாங்க.”

“பாத்தா பாக்கட்டும்! நாளைக்கு ஊரே பாக்கப் போவுது, இப்ப பத்து பேரு பாத்தா என்னடி?”

இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. நெசமா இல்ல. இப்ப ஆயிரம் பதில் சொல்லுவேன், அன்னிக்கு அந்த வெயில்ல ஒண்ணும் வரல. “நாலு பேருன்னு சொன்னோம் சார்”னு மட்டும் சொன்னேன். அதையே திருப்பித் திருப்பி சொன்னேன்.

“கட் சொல்லு.”

நான் வாக்கியப் பாத்தேன்.

“கட் சொல்லுன்னு சொல்றேன்ல? நான் பாக்காம ஒரு டேக் போவுமா? யாரு படம்டி இது?”

“ஓடட்டும் சார். நிறுத்துனா மறுபடி ஆடாது அந்தப் பொண்ணு.”

அவரு வாக்கியப் புடுங்க கை நீட்டுறாரு. அந்த நேரம் பாத்து, மானிட்டர் போச்சேன்னு ஷெட்டுலேந்து கும்பல் கெளம்பி வருது. நேருலேயே பாத்துரலாம்னு ஒருத்தன் சொல்றான். செல்போன தூக்கிப் புடிச்சுக்கிட்டு அந்த மச்சாண்டார் மவன் முன்னாடி வர்றான். சரிவுல எறங்குனா நேரா தண்ணிக்கரைதான். நான் ஒருத்தி. ஒரு பக்கம் டைரக்டரு, ஒரு பக்கம் பங்காளிங்க.

கயித்த அவுத்து ஒரு முனைய அந்தம்மா கையில குடுத்தேன். “பெரியம்மா, இதப் புடிங்க. உங்க பையன் கீழ ஆடுறான். ஒருத்தரும் தாண்டக் கூடாது.”

அவ்ளோதாங்க. பட்டுப் பொடவய இழுத்துச் சொருகுனாங்க.

“எங்கடா போறீங்க?”

“இல்ல சித்தி, கீழ போயி சும்மா...”

“சும்மா என்னத்த பாக்கப் போற? உன் தங்கச்சி ஆடுனா இப்புடித்தான் செல்லத் தூக்கிட்டுப் போவியா? குடு இங்க. எடுத்தத அழி. என் கண்ணு முன்னாடி அழி.”

“சித்தி, ஸ்டேட்டஸ் கூட வைக்கல சித்தி...”

“வெச்சுப் பாரேன்! போ, போயி ஆரஞ்சப் பழத்தத் தின்னு.”

அவன் அழிச்சான். அத அவங்க கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தாங்க. அந்தச் சத்தத்துல டைரக்டர் கூட ஒரு நிமிஷம் கை நீட்டுனத மறந்துட்டு நின்னாரு. புரொடியூசரோட அக்காவாச்சே, என்ன பேசுறது? பாட்டு கீழ முடிஞ்சுச்சு. அப்புறம் மாஸ்டர் வாக்கில வந்தாங்க. அவங்க எப்பவும் ‘ஒன் மோர்’னு கத்துற ஆளு. அன்னிக்கு மெதுவா, “வேணாம், இது போதும்”னாங்க.

டைரக்டர் கேமராவோட மெமரி கார்ட வாங்கி டென்ட்ல போட்டுப் பாத்தாரு. நான் வெளிய நின்னேன். முழுசா பாத்தாரு. மறுபடி பாத்தாரு. வெளிய வந்து எம்மூஞ்சியப் பாக்காம சொன்னாரு: “டேக் ஓகே. நாளைலேந்து நீ வராத.”

ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னாரு. இன்னிக்கு வரைக்கும் அந்த மனுசன் மேல எனக்குக் கோவம் இல்லாததுக்கு அந்த மொத பாதிதான் காரணம். கோவத்துல அந்த டேக்க தூக்கிப் போட்டிருக்கலாம், போடல.

சாயங்காலம் கோதை கேரவன்ல கால் கழுவிட்டிருந்தா. வாளித்தண்ணி பாலு மாதிரி ஆயிருச்சு. சொல்லலாமா வேணாமான்னு வாசல்ல நின்னு யோசிச்சேன். டேக் நல்லா வந்திருக்கு, போன்ல எடுத்ததையும் அழிச்சாச்சு, சொல்லாம வுட்டா நிம்மதியா ஊருக்குப் போவா. அப்புறம் தோணுச்சு, அவள ஆரு பாத்தாங்கன்னு தெரிஞ்சுக்குற உரிமை அவளுக்கு இல்லாம எனக்கா? சொல்லிட்டேன். ஆரம்பத்துல கொஞ்ச நேரம் ஷெட்டுல பாத்தாங்கன்னு.

நன்றி கின்றின்னு எதிர்பாக்காதீங்க. தண்ணிச் செம்ப வாளில போட்டா. “நீ பொறுப்புன்ன.”

“ஆமா.”

“பாத்துக்கிட்டிருந்திருக்காங்க.”

“ஆமா.”

“போ.”

போயிட்டேன். வூட்டுல அம்மா, ‘என்னடி சீக்கிரம் வந்துட்ட’ன்னாங்க. வேல போச்சுன்னேன். சாப்புட வான்னாங்க.

அடுத்த நாள் நடந்தத புரொடக்‌ஷன் மேனேஜர் அண்ணன்தான் போன்ல சொன்னாரு, கொஞ்சம் அழுதுக்கிட்டே. பங்காளிங்க புரொடியூசருகிட்ட போயி, ‘நம்ம பையன் படத்துல இது வேணாம், குடும்பப் பாட்டா எடுங்க’ன்னு சொல்லிருக்காங்க. புரொடியூசர் கோதைகிட்ட, மறுபடி ஆடணும்னு கேட்டிருக்காரு. அவ, “அது ஒண்ணுதான் நான் ஆடுனது. வெச்சா அத வைங்க, இல்லன்னா என்னையத் தூக்கிடுங்க. மறுபடி ஆட மாட்டேன்”னுட்டா. மொத க்ளோசப்ப தூக்கிக் கீழ வெச்சுட்டுப் போற தைரியம் எத்தன பேருக்கு வரும்? டைரக்டரும் அவ பக்கம் நின்னாராம். பாட்டு படத்துல நின்னுச்சு.

படத்த பெரம்பலூர்ல மொத நாள் பாத்தேன், டிக்கெட் எடுத்துத்தான். பாதி தியேட்டரு சொந்தக்காரங்க, பாதி காலி. எனக்கு முன் வரிசையில ஹீரோவோட அம்மா. இன்டர்வெல்லுக்கு முன்னாடியே பின்னாடி பசங்க, ‘டேய், பாடாலூர் போயி டீ குடிச்சுட்டு வந்தாக்கூட கத நகராது’ன்னு கலாய்க்கிறானுங்க. நியாயந்தான்.

அப்புறம் அந்தப் பாட்டு வந்துச்சு. எல்லாரும் பாக்குறப்பத்தான் நானும் பாத்தேன். அதுக்கு முன்னாடி ஒரு ஃப்ரேம் கூட நான் பாத்ததில்ல.

மொதல்ல சாதாரண ஸ்டெப்பு. எங்க டைரக்டர் சொன்ன எல்லாம் இருக்கு, கிட்ட போறது, மூச்சு வாங்குறது. விசிலு பறக்குது. அப்புறம் ஒரு எடத்துல அவன் நின்னுர்றான். அவன் ஒதடு அசையுது. என்னமோ காதோரம் கொஞ்சுறான்னு தியேட்டரே நெனைக்கிது. அவ சிரிக்கல. அவளும் நிக்கிறா. ரெண்டு பேரு மேலயும் அந்த வெள்ளப் பவுடரு, டச்சப் பண்ண ஆளில்லாததால மயிர்க்கால் வரைக்கும் படிஞ்சு, செதுக்கி வெச்ச கல்லு மாதிரி இருக்காங்க. அவ குனிஞ்சு ரெண்டு வெரலத் தண்ணில நனைக்கிறா. அவன் மணிக்கட்டுலேந்து முழங்கை வரைக்கும், மெதுவா, ஒரு கோடு இழுக்குறா. வெள்ளைக்குள்ளேந்து அவன் தோலு வெளிய வருது. மாநிறத் தோலு. மயிரு சிலுத்து நிக்கிறது தெரியுது. பாட்டுல தாளம் ஓடிட்டே இருக்கு, அவ அதக் கண்டுக்கல. தாளத்துக்கு ரொம்பப் பின்னாடி, அவ மூச்சுக்கு ஏத்த மாதிரி ஆடுறா. தோளு மட்டும் அசையுது. அப்புறம் அவன் கைய நீட்டி அவ நெத்தியில ஒரு வெரல வெக்கிறான். அவ்ளோதான். கண்ண மூடிக்கிறா. கேமரா நகரல.

விசிலு நின்னு போச்சு. பின்னாடி பசங்க மூச்சு விடுறது கேக்குது. எனக்குப் பக்கத்துல ஒரு புருசன் பொண்டாட்டி, அந்த ஆளு பாப்கார்ன் எடுக்குறத நிறுத்திட்டாரு.

பாட்டு முடிஞ்சு ஹீரோ மறுபடி லாரிய எதுத்து கத்த ஆரம்பிச்சதும் எல்லாரும் ஒரு தடவ அசைஞ்சு உக்காந்தாங்க. முன் வரிசைலேந்து ஹீரோவோட அம்மா திரும்பி என்னையப் பாத்தாங்க. இருட்டுலயும் அடையாளம் கண்டுட்டாங்க.

“கயித்துப் பொண்ணுதான நீ?”

“ஆமாங்க பெரியம்மா.”

“கையத்தானம்மா தொட்டுச்சு அந்தப் புள்ள. எனக்கு ஏன் இப்புடி படபடன்னு வருது?”

என்ன சொல்றது? “தண்ணி குடிங்க பெரியம்மா”ன்னேன்.

தியேட்டர் வாசல்லேந்தே கோதைக்கு போன் போட்டேன். அந்த ‘போ’வுக்கு அப்புறம் நாங்க பேசுனதே இல்ல. எடுத்தா.

“பாத்தேன்”னேன்.

“ம்.”

“அவன் ஒதடு அசையுதே, என்னடி சொன்னான்?”

சிரிக்க ஆரம்பிச்சா, நிறுத்தாம. “‘அக்கா, ஸ்டெப்பு மறந்துட்டேன்’னு சொன்னான்டி. ‘நில்லு, ஒண்ணும் பண்ணாத’ன்னேன். மேலேந்து ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன், ஒரு சத்தமும் வரல. கேமரா சாரும் நிறுத்தல. ரொம்ப நாளைக்கு அப்புறம் யாருமே ஒண்ணும் சொல்லாம ஆடுனேன். கையில பவுடரா இருக்கேன்னு தொடச்சு வுட்டேன்.”

அப்ப அந்தக் கேள்விய கேட்டேன். டைரக்டர் கேட்டாரே, எனக்கு பதில் வரலையே, அது. “இப்ப ஊரே பாக்குது. அன்னிக்கு ஷெட்டுல பாத்தா மட்டும் என்னன்னு கேட்டா என்ன சொல்லுவ?”

அவ யோசிக்கவே இல்ல. “தியேட்டர்ல பாக்குறது நான் முடிச்சுக் குடுத்தத. ஷெட்டுல பாத்தது என்னைய. சமைக்கிறப்ப அடுப்படில நாலு பேரு வந்து நின்னு கைய வுட்டு ருசி பாத்தா சும்மா இருப்பியா?”

புரிஞ்சிதா புள்ளைங்களா? இதுக்கு மேல எனக்கு விளக்கத் தெரியாது. ஆசையக் காட்டுற சீன் எடுக்குறப்ப எல்லாரும் தோலத்தான் பாப்பாங்க, எவ்ளோ தெரியுது, எவ்ளோ தெரியலன்னு. நீங்க கதவப் பாருங்க. உள்ள யாரு இருக்கா, யாரு கண்ணு, எந்தக் கேபிள் எங்க போவுது. ஷாட்டுக்கு முன்னாடி ஒரு தடவ நடந்து போயி ஒயரு முனைய கண்ணால பாத்துட்டு வாங்க. நான் பாக்கல. நாலு பேருன்னு வாயால சொன்னேன், காலால நடந்து பாக்கல. அந்தப் பெரியம்மா எந்திரிச்சு வராம இருந்திருந்தா அந்தப் பாட்டு வேற மாதிரி முடிஞ்சிருக்கும், எங்க ரெண்டு பேருக்கும்.

அப்புறம் இன்னொண்ணு. வேல போனத தியாகம்னு நெனச்சு இத ஸ்டேட்டஸ்ல போட்டுக் கொல்லாதீங்க. எனக்கு அடுத்த படமும் கெடைக்கல, அதுக்கு அடுத்ததும் கெடைக்கல, ‘பிளக்கு புடுங்குன பொண்ணு’ன்னு பேரு ஆயிருச்சு. வலிச்சுச்சு. இப்பவும் எங்கயாவது ஜெனரேட்டர் வண்டி நிக்கிறதப் பாத்தா வண்டிய ஸ்லோ பண்ணிடுறேன். ஆனா கல்யாண மண்டபத்துல பொண்ணு ரூம் கதவ மூடிட்டு அழுறப்ப, ‘கேமராவ உள்ள வுடுங்க, கேண்டிட்’னு மாப்ள ஃப்ரெண்டு ஒருத்தன் வருவான் பாருங்க, அப்ப எனக்கு என்ன பண்ணணும்னு யோசிக்கவே தேவப்படுறதில்ல. ‘யாரும் உள்ள போவாம நீங்கதான் வாசல்ல நின்னு பாத்துக்கணும்’னு அவன் கையிலேயே கயித்தக் குடுத்துடுவேன்.

கோதை இப்ப மாஸ்டர் ஆயிட்டா. திருமழபாடி ஆத்தங்கரைல ஒரு பாட்டு எடுக்குறாங்களாம், ஆடுறது புதுப் பொண்ணு. கீழ நாலு பேருதான்னு சொல்லிட்டாளாம். அந்தப் பொண்ணுகிட்ட, ‘மேல ஒருத்தி நிப்பா, நீ பயப்படாம ஆடு’ன்னும் சொல்லிட்டாளாம், எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம. நான் ரிட்டயர்டுன்னு சொன்னேன். போன வெச்சுட்டா.

இப்ப கோதைகிட்டேந்து மெசேஜ், பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுல எறங்கி நிக்கிறாளாம். என் வண்டில பெட்ரோல் இல்ல, போற வழில போட்டுக்கணும்.